இலையில் விட்டதும் பீடத்தில் விடாததும்

ஒருவர் கடவுளுக்காகத் தன் ஊர்ச் சாப்பாட்டை விட்டால், அவர் விட்டது எதை? நாக்கின் பழக்கத்தையா, பாட்டியையா, இல்லை மதத்திலேயே ஒரு துண்டையா? திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்க ஆரம்பித்தால், செங்கம் சாலையில் இந்தக் கேள்வியைத் தட்டில் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கடையில் விறகடுப்பில் பீட்சா வேகும். கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில் சாமைப் பொங்கலும் கீரை மசியலும் கிடைக்கும். வந்த புதிதில் பீட்சாக் கடையில் பார்த்த முகத்தைச் சில வாரம் கழித்துச் சாமைக் கடையில் பார்க்கலாம். ஊருக்குக் கிளம்பும் சமயத்தில் அதே முகம் மறுபடி பீட்சாக் கடையில் இருக்கும்.

நான் இருப்பது மலைக்கு இந்தப் பக்கம், வேங்கிக்காலில். வேலூர் சாலை, கலெக்டர் ஆபீஸ், அதைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகள், மனு எழுதிக் கொடுப்பவர்கள். சாமியாரைத் தேடி வருகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. என் கணவர் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் கட்டிய வீடு இது. நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாடிப் போர்ஷனில் சீசனுக்குச் சீசன் ஓர் இத்தாலிய அம்மா வந்து தங்குவார். என் வயதுதான். நர்சாக இருந்தவர். வடக்கு இத்தாலியில் மாந்துவா பக்கம் ஒரு கிராமம் அவருக்குச் சொந்த ஊர். காலையில் ஆட்டோ பிடித்து ரமணாசிரமம் போய்விட்டு மத்தியானம் வந்துவிடுவார்.

தான் விட்டதையெல்லாம் அவர் வரிசையாகச் சொல்வார். முதலில் மாட்டிறைச்சி, அப்புறம் பன்றி, மீன், முட்டை. கடைசியாகத்தான் மது. அவர் அப்பா வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் தண்ணீர்ச் சாடியும் மதுச் சாடியும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமாம். இப்போது இத்தாலியில் மிச்சம் இருப்பது காபி போடும் அந்தச் சின்ன அலுமினிய மோக்கா பாத்திரம் ஒன்றுதான் என்பார். காபியில் சத்துவம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நானும் டிகிரி காபிக்காரி.

அவர் சொல்லும் தொனிதான் எனக்கு உறுத்தியது. இத்தாலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினால் உள்ளே ஆன்மா இருக்கும் என்பது போல. ரமணர் அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ‘நான் யார்?’ நூலில், நியமங்கள் எல்லாவற்றிலும் மிதமான சாத்துவிக உணவே சிறந்தது என்று சொல்கிறார், அது உண்மை. ஆனால் 1935இல் ஆசிரமத்தில் நடந்த ஓர் உரையாடல் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பியர்களாகிய நாங்கள் பழகிய உணவை விட்டால் உடம்பு தளர்ந்து மனமும் சோர்ந்துவிடாதா என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். ரமணர் அங்கே இருந்த ஈவான்ஸ்-வென்ட்ஸ் என்ற வெள்ளைக்காரரைக் காட்டி, நீங்கள் எங்கள் சாப்பாட்டைத்தானே சாப்பிட்டு வருகிறீர்கள், ஏதாவது சங்கடமா என்கிறார். இல்லை, எனக்குப் பழகிவிட்டது என்பது அவர் பதில். பேச்சு பழக்கத்தைப் பற்றித்தான். இந்தப் பதிலுக்குள் மதத்தை ரமணர் இழுக்கவில்லை.

தெற்கு இத்தாலியின் புலியாவில் பிறந்த லான்சா தெல் வாஸ்தோ என்பவர் 1937இல் ரமணரைப் பார்க்க இங்கே வந்தார். கத்தோலிக்கர், கவிஞர். அவருக்கு மலையடிவாரத்தில் மனம் நிறையவில்லை. வார்தாவுக்குப் போய்க் காந்தியோடு இருந்தார், சாந்திதாஸ் என்ற பெயரும் வாங்கிக்கொண்டார். கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். மாடிவீட்டு அம்மாவுக்கு அவரைத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதவர்கள் அதற்கும் முன்னால் வந்தவர்கள். தமிழாசிரியை என்ற முறையில் அவர்களை அறிமுகம் செய்வது என் பொறுப்பாயிற்று.

ராபர்ட் தெ நொபிலி 1577இல் ரோமில் பிறந்தார். குடும்பத்துக்குப் பூர்வீகம் டஸ்கனியில் மோன்தேபுல்சியானோ என்ற மலையூர். கர்தினால் பெல்லார்மின் பிறந்ததும் அங்கேதான். இரண்டு குடும்பமும் உறவு. அந்த ஊர் சிவப்பு மதுவுக்கு அன்றும் பெயர் பெற்றது, இன்றும் பெயர் பெற்றது. 1980இல் இத்தாலி தன் மது வகைகளில் சிலவற்றுக்கு உச்சத் தரமுத்திரை கொடுக்கத் தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவற்றில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 1605இல் கோவாவில் இறங்கி, 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு போர்த்துகீசியப் பாதிரியார் பத்தாண்டுகளுக்கும் மேலாக இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவர்களுக்குப் பூசை வைத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார். மதுரைக்காரர் யாரும் அவரிடம் சேரவில்லை. காரணம் வேதாந்தம் இல்லை, சமையலறை. பறங்கி என்றால் மாடு தின்பவன், குடிப்பவன் என்று ஊருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் தண்ணீர் கிடைக்காது, பெண் கிடைக்காது.

நொபிலி தனியே போய்க் குடிசை போட்டுக்கொண்டார். காவி, சந்தனம், மரப்பாதுகை. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சோறு, காய்கறி, பால். சமைக்கப் பிராமணர் ஒருவர். இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் இல்லை. நான் பறங்கி இல்லை, ரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி என்றார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் படித்தார். ‘ஞான உபதேசம்’ எழுதினார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். கண் மங்கிய கிழவராக 1656இல் மயிலாப்பூரில் இறக்கும்வரை அந்தச் சாப்பாட்டு நியமத்தை அவர் விடவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். நொபிலிக்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுக்கு இத்தாலியிலிருந்து வந்த முக்கியமான சரக்குகளில் ஒன்று மது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மது அடைத்து வந்த இரண்டு காது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கூடவே அரெத்சோவில் வனைந்த பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள். அரெத்சோ மோன்தேபுல்சியானோவுக்கு அக்கம்பக்கத்து ஊர். புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர அவன் அருந்தி மகிழ வேண்டும் என்று வாழ்த்துகிறார். அன்றைக்கு இத்தாலிய மது பாண்டியனின் பெருமை. அதே பாண்டிய நாட்டில், மதுரையிலேயே, ஓர் இத்தாலியர் தன் மதுவை ஒளித்தால்தான் மரியாதை என்று ஆகியிருந்தது. மாறியது இத்தாலி இல்லை. மதுரைதான்.

ஆனால் நொபிலி மதுவை முழுக்க விட்டுவிட்டாரா? விடவில்லை, விடவும் முடியாது. குருவானவர் பூசை வைக்க வேண்டும். பூசைக்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் வேண்டும். இன்றைக்கு நடப்பில் உள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், 924ஆம் பிரிவில், அப்பம் கோதுமையால் மட்டுமே, இரசம் கொடியில் விளைந்த திராட்சையால் மட்டுமே என்று கறாராகச் சொல்கிறது. நொபிலி காலத்து மதுரை சோற்று நாடு. திராட்சை மது கடல்வழி வந்த சரக்காகத்தான் இருந்திருக்கும். பகலில் சோறும் பாலும் உண்ட மனிதர் விடியலில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்னக் கோதுமை அப்பத்தையும் ஒரு மிடறு மதுவையும் கையில் எடுக்கிறார். இலையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், பீடத்தில் முடியாது. எனக்கு அவருடைய காவியைவிட இந்த மிடறுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏன் முடியாது என்று மாடிவீட்டு அம்மா கேட்டார். கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றவர் அவர். கேள்வி என்னிடம் வந்தது. கிறிஸ்து வைகைக் கரையில் பிறந்திருந்தால் சோற்றையும் பதநீரையும்தானே எடுத்திருப்பார்? இந்தியக் கத்தோலிக்க அறிஞர்கள் இடையிலும் அரிசியைப் பற்றிய இந்தக் கேள்வி எழுந்ததுண்டு. 1969இல் ரோம் இந்தியாவுக்கென்று பன்னிரண்டு மாற்றங்களை அனுமதித்தது. சம்மணமிட்டு உட்காரலாம், கை கூப்பலாம், குத்துவிளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். அரிசி அந்தப் பட்டியலில் இல்லை.

நான் சொன்ன பதில் இது: அவர் வைகைக் கரையில் பிறக்கவில்லையே. கடவுள் எங்கும் நிறைந்த தத்துவம் மட்டும்தான் என்றால் எந்த ஊர்ச் சாப்பாடும் போதும். கடவுள் ஒரு காலத்தில், ஓர் ஊரில், ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று ஒரு மதம் சொல்லும்போது, அந்த ஊரின் கோதுமையும் திராட்சையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். பிய்த்தால் தத்துவம் மிஞ்சும், அந்த ஆள் மிஞ்சமாட்டார். சைவரான நான் ரோமுக்கு வக்காலத்து வாங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் பக்கமும் இதேதான். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோவில்களில் லிங்கத்துக்கு அன்னாபிஷேகம் செய்கிறோம். வடித்த சோற்றால் சாமியை மூடுகிறோம். பாணத்தின்மேல் சாத்திய சோற்றை நீரில் கரைத்துவிட்டு மற்றதைப் பிரசாதமாகத் தருகிறார்கள். அதைச் சப்பாத்தியால் செய்யலாமா என்று கேட்டால் குருக்கள் சிரிப்பார். ஜோதி உள்ளத்தில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனாலும் 2,668 அடி உயர மலைமேல் கொப்பரையைச் சுமந்துபோய் ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊற்றித்தான் தீபம் ஏற்றுகிறோம். அண்ணாமலையை வேறு ஊரில் கட்ட முடியாது. ஒவ்வொரு மதத்திலும் காரணம் சொல்லித் தீராத ஒரு மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைக் குறியீடு என்று விளக்கிக் கரைப்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. 1950இல் மோன்ஷானின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கியது. லெ சோதான் அபிஷிக்தானந்தர். ரமணரை 1949இல் தரிசித்தவர், பிறகு இந்த மலைக் குகைகளில் தங்கியவர். காவி, சைவச் சாப்பாடு, உபநிடதம் எல்லாம் அங்கே உண்டு. 1980களிலிருந்து அது இத்தாலியின் கமால்தோலி துறவு மரபோடு சேர்ந்திருக்கிறது. அத்வைதத்தில் அவ்வளவு தூரம் போனவர்களும் காவேரிக் கரையில் அப்பத்தையும் இரசத்தையும் விடவில்லை.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவருக்கு இன்னோர் இத்தாலியரின் ஊரைப் பார்க்கும் ஆசை வந்தது. ஒரு மாசி மாதம் காரில் கிளம்பினோம். திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை வழியாக விருத்தாசலம் பக்கம் இறங்கினால் கோணான்குப்பம். அங்கிருந்து அரியலூர் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம் ஏலாக்குறிச்சி. இரண்டும் வீரமாமுனிவரின் ஊர்கள். கோணான்குப்பத்தில் மாதாவின் பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்துக் கோவிலில் அம்பாளுக்கும் அதே பெயர் என்பதை வழியிலேயே சொல்லியிருந்தேன். புடவை கட்டிய மாதாவுக்கு முன்னால் அந்த அம்மா வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, தலையில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி கொடுத்த பொட்டுக்கடலையையும் சர்க்கரையையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

வீரமாமுனிவர் என்ற கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680இல் பிறந்தது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில். மாந்துவா மாவட்டம்தான், அந்த அம்மாவின் கிராமத்திலிருந்து கொஞ்ச தூரம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த ஊருக்குச் சுற்றுலா போயிருக்கிறாராம். 1859 சொல்ஃபெரீனோ போரில் காயம்பட்டவர்களை அந்த ஊர்ப் பெண்கள் கவனித்ததைப் பார்த்துத்தான் ஆன்றி துனானுக்குச் செஞ்சிலுவை யோசனை பிறந்தது. அதற்கு அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. பெஸ்கியைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டில் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம் என்றேன். நம்பவில்லை. போனில் படம் காட்டினேன்.

‘தேம்பாவணி’யில் 3,615 பாடல்கள். சூசையப்பரின் கதை. ஆனால் அதில் வரும் யூதேயா நாட்டில் மழை பெய்து, ஆறு பெருகி, நெல் விளைந்து, கரும்பு தழைத்து, குளத்தில் தாமரை பூக்கும். கம்பன் கோசலத்தைக் காவேரி நாடாக்கியது போல இவர் எருசலேமைச் சுற்றி மருதநிலத்தை விரித்துவிட்டார். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை நடத்தியபோது தோன்றாதது அன்றைக்கு ஏலாக்குறிச்சியில் தோன்றியது. கோதுமை நாட்டையே நெல் வயலாக மாற்றி எழுதிய அதே கை மறுநாள் காலை பீடத்தில் கோதுமை அப்பத்தைத்தான் தூக்கியிருக்கும். காவியத்தில் மாற்றலாம், பூசையில் கூடாது. அந்த எல்லை அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்த வாரம் அந்த அம்மா கீழே வந்து, உன் சமையலறையை ஒரு நாள் கொடு என்றார். அவர் பாட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மட்டும் செய்யும் ஒரு பண்டம் இருக்கிறதாம். மாவைத் தேய்த்துச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, பூரணம் வைத்து மடித்து, வெந்நீரில் வேகவைத்து, வெண்ணெய் ஊற்றித் தின்பது. பூரணம் எது தெரியுமா? பறங்கிக்காய். சுட்டு மசித்த பறங்கிக்காயோடு பாதாம் பிஸ்கட் பொடியும், கடுகுக் காரம் ஏறிய பழப் பாகும், துருவிய பாலாடைக்கட்டியும் சேர்ப்பார்களாம். மாவில் முட்டையை அவர் விட்டுவிட்டார். பழப் பாகுக்குப் பதில் நான் மாங்காய் வெல்லப் பச்சடியைக் கொடுத்தேன். கடுகு அதில் ஏற்கெனவே இருந்தது. பாலாடைக்கட்டியில்தான் சிக்கல். பார்மிஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைத்தான் போட வேண்டும் என்று சட்டமாம். பால்தான், ஆனால் சைவம் இல்லை. அதையும் விட்டோம்.

பறங்கிக்காய் இரண்டு ஊருக்குமே வந்தேறி. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அவர்களுடைய தக்காளியும் நம்முடைய மிளகாயும் அப்படியே. நம் வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய் சேர்க்காமல் மிளகு போடுவது, முன்னோர்கள் காலத்தில் அது இல்லை என்பது இன்னும் அடுப்படிக்கு நினைவிருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றும். மற்ற நாளெல்லாம் மிளகாய் இல்லாத தமிழனை யாராலும் கற்பனை செய்ய முடியாது. மரபு என்று நாம் மார்தட்டும் சாப்பாட்டில் பாதிக்கு வயது ஐந்நூறு கூட ஆகவில்லை.

எனக்கு அதைவிடச் சுவையாக இருந்தது வேறொன்று. அந்தப் பண்டத்தை ஏன் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் மட்டும் செய்வார்கள் என்று கேட்டேன். அன்றைக்கு இறைச்சி கூடாது என்றார். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் இதைச் சுத்தபோசனம் என்பார்கள், ஒருசந்தி என்றும் ஒன்று உண்டு, தவசுகாலத்தில் கடைப்பிடிப்பார்கள் என்று சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு நின்றார். இத்தாலியைக் கழற்றிப் போட்டுத்தான் சைவச் சாப்பாட்டுக்கு வர வேண்டும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தவர். அவர் பாட்டி வருடா வருடம் அதைச் செய்து பரிமாறியிருக்கிறாள், பேத்தியும் தின்றிருக்கிறாள். பண்டம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், நமக்கு இனிப்பு ஜாஸ்தி. என் பேரன் ஊறுகாய் தொட்டுக்கொண்டான்.

ஆக, இலைச் சாப்பாட்டை விடலாம், மாற்றலாம், திரும்பச் சேர்க்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. பீடத்துச் சாப்பாட்டை விட முடியாது. இத்தோடு நிறுத்தினால் நொபிலியின் கதை அழகான கதை. ஆனால் சாப்பாட்டில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பக்கத்து இலையில் யார் என்பது.

நொபிலியின் வாதம் கூர்மையானது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல், உணவு நியமம் இவையெல்லாம் சமூக வழக்கம், மதம் அல்ல. கிறிஸ்தவனாகும் பிராமணன் இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றார். கோவாவில் எதிர்த்தார்கள். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தொந்தரவு அந்தப் பட்டியலில்தான். சாதியையும் அவர் அதே சமூக வழக்கக் கணக்கில் எழுதிவிட்டார். உயர்சாதிக்குப் பிராமண சந்நியாசிகள், மற்றவர்களுக்கு 1640 வாக்கில் வந்த பண்டார சுவாமிகள் என்று குருக்களே இரண்டு வகையானார்கள். மலபார் சடங்குகள் என்று பெயர் பெற்ற இந்த வழக்கங்களுக்கு 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவு கட்டினார். அப்போதும் பறையர் மக்களுக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டும்போது எங்கள் டிரைவர் கையைக் காட்டி, எறையூர் அந்தப் பக்கம் என்றார். 2008 மார்ச்சில் அங்கே கத்தோலிக்க வன்னியருக்கும் கத்தோலிக்க தலித்துகளுக்கும் நடந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். இரண்டு தரப்பும் நாக்கில் வாங்குவது ஒரே கோதுமை அப்பம்.

தன் மாட்டிறைச்சியை விட்ட நொபிலி, மாட்டிறைச்சி உண்பவர்கள் பக்கத்தில் உட்காரும் உரிமையையும் சேர்த்து விட்டுவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அது துறவு இல்லை. ஊர் எதிர்பார்த்ததைக் கொடுத்தார், அவ்வளவுதான். நம் ஊரில் காவல் தெய்வம் சாராயம் ஏற்கும், சுருட்டு ஏற்கும், கெடா ஏற்கும். அண்ணாமலையார் ஏற்கமாட்டார். சாமிகளுக்குள்ளேயே பந்தி பிரித்து வைத்திருக்கும் ஊர் ஒரு வெள்ளைக்காரரிடமும் அதைத்தான் கேட்கும். கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்திருக்கும்.

நாங்கள் மட்டும் யோக்கியமா? எங்கள் மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோவிலில் தைப்பொங்கலை ஒட்டிப் பன்னிரண்டு நாள் விழா. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நாள், தலித்துகளுக்கு மட்டும் நாள் இல்லை. சுமார் எண்பது வருடம் அப்படியே இருந்தது. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட கலெக்டர் கூட நிற்க, போலீஸ் பந்தோபஸ்தோடு அவர்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார்கள். அன்னத்தால் சிவனை மூடும் மாவட்டத்தில் ஒரு பொங்கலுக்கு இவ்வளவு காவல் தேவைப்பட்டது.

எங்கள் தெருவிலேயே காலியாகும் வீடுகளில் ‘சைவம் மட்டும்’ என்று பலகை தொங்குகிறது. இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருகிறவர்களிடம் நேற்று என்ன தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. முன்பணம் வாங்கிச் சாவி கொடுக்கிறார்கள். கலெக்டர் ஆபீசுக்கு மாறுதலாகி வரும் கிளார்க்கிடம் கேட்கிறார்கள். சைவம்தான் என்று அவர் சொன்ன பிறகும் சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். கேள்வி கறியைப் பற்றியது இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

வேங்கிக்காலில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பலகையில் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் எழுதுங்கள்.